பெரிய நெருக்கடிச் செய்தி வந்ததும் என்ன செய்வது: டெஸ்கில் கற்றுக்கொண்ட சில வழிகள்

போர், நிலநடுக்கம், ரயில் விபத்து, வங்கி முடக்கம், புது நோய் என்று எதுவானாலும் முதலில் வருவது ஒரே ஒரு வரிதான். வந்து சேரும் செய்திகளைச் சரிபார்த்துத் திருத்தி வெளியிடும் பிரிவான செய்தி டெஸ்கில் நீண்ட காலம் இரவுப் பணி பார்த்தவள் நான். அந்த ஒரு வரி வந்து விழுவதை நிறையவே பார்த்திருக்கிறேன். அதற்கும் முழு விவரம் தெரியவருவதற்கும் நடுவே சில மணி நேரம் ஓடும், சில சமயம் சில நாள்கூட ஆகும். ஜனங்கள் அதிகம் தவிப்பதும், அவசரப்பட்டு முடிவெடுப்பதும், ஒருவரை ஒருவர் கலங்கடிப்பதும் இந்த இடைவெளியில்தான். அதைக் கடக்க எனக்குத் தெரிந்த வழிகளை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வதந்தி பரப்புகிறவர்களில் பெரும்பாலானோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. பிள்ளை பத்திரமாக இருக்கணும், அக்கா ஜாக்கிரதையாக இருக்கணும் என்ற பதைப்பில்தான் விரல் 'ஃபார்வர்டு' பக்கம் போகிறது. அந்த அக்கறையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதற்கு வேறு வேலை கொடுக்கலாம். கீழே சொல்வதெல்லாம் அந்த வேறு வேலைதான்.

முதல் வரி உங்களிடம் எப்படி வருகிறது

1963 நவம்பர் 22 அன்று பகல் 12.30க்கு டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். அதிபரின் கார் வரிசையிலேயே போய்க்கொண்டிருந்த யு.பி.ஐ. என்ற செய்தி நிறுவனத்தின் நிருபர் மெரிமன் ஸ்மித், காரில் இருந்த தொலைபேசியை எடுத்துத் தகவல் சொன்னார். 12.34க்கு, செய்தி அலுவலகங்களில் கம்பிவழிச் செய்தியை அச்சிட்டுத் தரும் டெலிபிரிண்டரில் முதல் வரி வந்துவிட்டது. கார் வரிசையை நோக்கி மூன்று முறை சுட்டார்கள் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அதிபருக்கு என்ன ஆயிற்று என்று இல்லை. பிறகு எடுத்த ஆய்வில், அரை மணி நேரத்துக்குள் அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. மொத்தத்தில் பாதிப் பேருக்கு ரேடியோவோ டிவியோ சொல்லவில்லை, இன்னொரு மனிதர்தான் சொன்னார்.

கைபேசி இல்லாத காலம் அது. செய்தி பெரிதாக இருந்தால் வாய்வழியாகப் போகும் பங்கும் அதிகமாகிவிடுகிறது. சின்னச் செய்திக்காக யாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆகவே நெருக்கடி நேரத்தில் நீங்கள் வெறும் வாசகர் இல்லை, செய்தியைச் சுமந்து போகிறவரும் நீங்கள்தான். ஒரு டெஸ்கில் இருப்பவருக்குரிய பொறுப்பில் பாதியாவது அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கிறது.

வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

எங்கள் வேலையில் இருப்பவர்கள் செய்தியைக் கடைசியிலிருந்து படிப்பார்கள். தமிழில் யார் பொறுப்பு என்பது வாக்கியத்தின் முடிவில்தான் இருக்கும். "30 பேர் இறந்தனர் என்று தீயணைப்புத் துறை அதிகாரி தெரிவித்தார்" என்றால் அதற்கு ஓர் ஆள் இருக்கிறார், நாளைக்கு அவரைக் கேட்கலாம். "எனத் தெரிகிறது" என்று முடிந்தால், நிருபருக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார், பெயர் போட முடியவில்லை. "எனக் கூறப்படுகிறது" என்றால் டெஸ்குக்கே உறுதி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். "அஞ்சப்படுகிறது" என்பது கணிப்பு. தலைப்பில் "நூற்றுக்கணக்கானோர் பலி?" என்று கேள்விக்குறி இருந்தால், யாரும் உறுதி செய்யவில்லை, ஆனாலும் முந்திக்கொள்ள நினைக்கிறார்கள் என்று பொருள். கேள்விக்குறி போட்ட தலைப்பை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். வாயால் சொல்லும்போது கேள்விக்குறி காணாமல் போய்விடும்.

பலி எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜனங்கள் அதிகம் சண்டை போடுவது இதை வைத்துத்தான். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் ஓர் ஏஜென்சி 30 என்கிறது, இன்னொன்று 45 என்கிறது. அப்போது கவனமான டெஸ்க் "குறைந்தது 30" என்றுதான் போடும். இடிபாடுகளை அகற்ற அகற்ற எண்ணிக்கை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது இறங்கவும் செய்யும். ஒரே ஆளின் பெயர் இரண்டு மருத்துவமனைப் பட்டியலில் இருக்கும். காணவில்லை என்று மூன்று உறவினர்கள் தனித்தனியாகப் புகார் கொடுத்திருப்பார்கள். வேறு ஊரில் பத்திரமாக இருப்பவர் பெயரும் பட்டியலில் வந்திருக்கும். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 6,000க்கு மேல் இருக்கும் என்று சில வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விமானங்களைக் கடத்தியவர்களைச் சேர்க்காமல் கடைசியில் உறுதியானது 2,977. எண் இறங்கியதும் "மறைக்கிறார்கள்" என்று ஒரு குரல் கிளம்பும். பெரும்பாலும் நடப்பது பட்டியலைச் சரிபார்க்கும் வேலைதான்.

நல்ல செய்திக்கும் இதே கவனம் வேண்டும். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 13 தொழிலாளர்கள் சிக்கினார்கள். நள்ளிரவை ஒட்டி "12 பேர் உயிரோடு" என்று செய்தி வந்தது. முகமூடி போட்ட மீட்புக் குழுவினர் உள்ளேயிருந்து சொன்னது கைமாறிக் கைமாறி வெளியே வருவதற்குள் தலைகீழாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் காதில் விழுந்ததை யாரோ கைபேசியில் சொல்ல, தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்கள் ஆனந்தத்தில் அழுதன, மணி அடித்தார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் உண்மை சொல்லப்பட்டது: பிழைத்தவர் ஒருவர் மட்டுமே. அதற்குள் பல காலைப் பத்திரிகைகள் அச்சாகிவிட்டன. கெட்ட செய்தியைச் சிலராவது "நிஜமா?" என்று கேட்கிறார்கள். நல்ல செய்தியை அப்படிக் கேள்வி கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஒரு குடும்பத்திடம் "கிடைத்துவிட்டார்" என்று சொல்லும் முன், அவரை நேரில் பார்த்தவரிடம் நீங்கள் பேசியிருக்க வேண்டும்.

மூன்று மாணவிகளும் ஒரு வங்கியும்

வதந்தி எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துச் சொல்வது 1973 டிசம்பரில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் நடந்ததை. ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கு டொயோகவா ஷின்கின் என்ற சிறு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. ஷின்கின் என்பது அந்த வகை வங்கிகளுக்கெல்லாம் பொதுப் பெயர். "ஷின்கின் ஆபத்தாச்சே" என்று தோழி கிண்டல் செய்தாள். வங்கி என்றால் கொள்ளைக்காரர்கள் வருவார்களே என்ற அர்த்தத்தில் சொன்னது அது. வேலை கிடைத்த பெண் வீட்டுக்குப் போய் உறவினரிடம் "ஷின்கின் ஆபத்தா?" என்று கேட்டாள். உறவினர் அதை வங்கியின் நிலைமை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு உறவினரிடம் விசாரித்தார். இப்போது கேள்வியில் வங்கியின் பெயரும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து அழகு நிலையத்துக்குப் போயிற்று, பிறகு சலவைக் கடைக்கு.

சலவைக் கடையில் நடந்ததுதான் முக்கியம். வதந்தி எதுவும் தெரியாத ஒருவர் அங்கே வந்து போன் பேச அனுமதி கேட்டார். தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டதால், அதே வங்கியிலிருந்து 12 லட்சம் யென் எடுக்கச் சொல்லி வீட்டுக்குப் பேசினார். கடைக்காரர் வீட்டம்மா காதில் இது விழுந்தது. ஏற்கெனவே அரைகுறையாகக் கேட்டிருந்தவருக்கு இதுவே ஆதாரமாகிவிட்டது. தன் பணத்தை எடுத்தார், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். மறுநாள் வங்கி வாசலில் வரிசை நின்றது. வரிசையைப் பார்த்தவர்கள் ஓடிப்போய்த் தாங்களும் அதில் சேர்ந்தார்கள். வங்கி ஊழியர்கள் கூட்டத்தைச் சமாளிக்கச் செய்த ஒவ்வொரு காரியமும் "பார்த்தீங்களா, நிஜம்தான்" என்றே புரிந்துகொள்ளப்பட்டது. ஜப்பானின் மத்திய வங்கியே உறுதி கொடுத்த பிறகுதான் அடங்கியது. வங்கியை வீழ்த்த யாரோ சதி செய்கிறார்கள் என்று விசாரித்த போலீஸ், நூல் பிடித்துப் போய் அந்த ரயில் பேச்சில்தான் வந்து நின்றது.

ஏன் அங்கே, ஏன் அப்போது? அந்த அக்டோபரில்தான் கச்சா எண்ணெய் நெருக்கடி தொடங்கியிருந்தது, கழிப்பறைக் காகிதத்துக்குக்கூட ஜப்பானியக் கடைகளில் முட்டிமோதினார்கள். மனசு முன்பே பயத்துக்குத் தயாராக இருந்தது. வதந்தியின் வேகம் இரண்டைப் பொறுத்தது என்று உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும் 1940களிலேயே எழுதினார்கள்: விஷயம் எவ்வளவு முக்கியம், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது. இரண்டையும் பெருக்க வேண்டும் என்றார்கள், ஒன்று பூஜ்யமானால் வதந்தி எழாது. முக்கியத்துவத்தை நம்மால் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம்.

இதற்கு நான் பயன்படுத்தும் கேள்விகள் இரண்டு. "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?" அப்புறம், "அவங்க பார்த்தாங்களா, கேட்டாங்களா?" இரண்டு கைக்கு மேல் சங்கிலி இருட்டில் போய்விட்டால், அதை நான் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று பேர் சொன்னார்கள் என்பதும் போதாது, மூன்று பேருக்கும் ஊற்று ஒன்றாக இருக்கலாம். பத்து சேனலில் ஓடுவது ஒரே ஏஜென்சியின் ஒரே வரி என்பது டெஸ்கில் தினமும் நடக்கிற விஷயம்.

பெரியம்மா அனுப்பும் குரல்பதிவு

சரி, கையில் வந்துவிட்டது. என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது உங்களிடம் வருவதற்குள் ஐந்து கைகளாவது மாறியிருக்கிறது. 2020 ஏப்ரலில் அத்தகைய செய்திகளை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அவை பரவுவது 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஒரு சின்னத் தடங்கல் போதும், பாதிப் பேர் அனுப்புவதை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தடங்கலை நாமே வைத்துக்கொள்ளலாம்: நெருக்கடிச் செய்தி எதையும் வந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் அனுப்புவதில்லை என்று. உயிர் காக்கும் அதிகாரபூர்வ எச்சரிக்கை மட்டும் இதற்கு விலக்கு. அது வந்த நிமிடமே நகருங்கள், பக்கத்தில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு நகருங்கள்.

பெரியம்மா குரல்பதிவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கண்ணு, தண்ணில ஏதோ கலந்துட்டாங்களாம். குடிக்காதே. எல்லாருக்கும் அனுப்பு." குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் "இது பொய், பெரியம்மா" என்று எழுதினால் அவர் முகம் வாடிவிடும். அடுத்த முறை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் மற்ற எல்லோருக்கும் அனுப்புவார். தனியாகப் போன் செய்யுங்கள். "பெரியம்மா, நான் நல்லா இருக்கேன், வீட்லதான் இருக்கேன். தண்ணி விஷயத்தைக் குடிநீர்த் துறைக்கே போன் பண்ணிக் கேட்டுட்டு, ஆறு மணிக்குள்ள உங்களைக் கூப்பிடறேன். அது வரைக்கும் வேற யாருக்கும் அனுப்பாம வச்சிருங்க." முதலில் அவருடைய பயத்துக்குப் பதில், பிறகு விஷயத்துக்கு, கடைசியில் ஒரு நேரம். ஆறு மணிக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டாலும் "இன்னும் தெரியலை, பெரியம்மா" என்று சொல்லவாவது கூப்பிடுங்கள்.

படம், வீடியோ என்றால் இன்னும் நிதானம் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகெங்கும் சுற்றிய அலைப் படங்களில் சில, சீனாவின் சியான்டாங் ஆற்றில் வழக்கமாக எழும் பேரலையைப் பார்க்கப் போனவர்கள் முன்பே எடுத்தவை. படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் அதைப் போட்டால், முன்பு எங்கே வந்தது என்று பல நேரம் காட்டிவிடும். வீடியோவாக இருந்தால் நடுவில் நிறுத்தி ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்துத் தேடுங்கள். கடைப் பலகையில் என்ன மொழி, வண்டி எண்பலகை எந்த நாட்டுடையது, வெயிலா மழையா, இன்று அங்கே அந்த வானிலைதானா என்று பாருங்கள்.

நம்பகமான கணக்கிலிருந்து வந்தால்கூட ஒரு நிமிடம் பொறுக்கலாம். 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த சிலர், வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு, அதிபர் ஒபாமா காயம் என்று பதிவிட்டார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் 140 புள்ளிக்கு மேல் விழுந்து, பொய் என்று தெரிந்ததும் அதே வேகத்தில் எழுந்தது. வெள்ளை மாளிகைக்குள் எப்போதும் பல நிறுவனங்களின் நிருபர்கள் இருப்பார்கள். குண்டு வெடித்திருந்தால் அத்தனை பேரும் எழுதியிருப்பார்கள். நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: இது உண்மையானால் வேறு யாருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பார்த்துக்கொண்டே இருப்பதன் விலை

2013ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் மக்களின் மனநிலையை அளந்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் அல்லது அதன் அருகில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் காணப்பட்டது. நேரில் இருந்தவருக்கு அது ஒரு முறை நடந்தது. திரையில் பார்ப்பவருக்கு அது திரும்பத் திரும்ப நடக்கிறது.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவைவிட எழுத்து நல்லது. தானாக ஓடும் வீடியோவைப் போனின் செட்டிங்ஸில் போய் நிறுத்திவிடுங்கள். படுக்கைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள். நானும் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போனதும் டிவியைத் தொடமாட்டேன். நான் பார்க்காததால் அங்கே யாருக்கும் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் இருக்கும் அறையில் இந்தச் செய்தி ஓடவே வேண்டாம். அதே காட்சி மறுபடி ஓடும்போது அது மறுபடி நடக்கிறது என்றே குழந்தை நினைக்கும். என்ன தெரியும் என்று குழந்தையிடமே முதலில் கேளுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பயம் நம் முடிவுகளையும் மாற்றும். செப்டம்பர் 11க்குப் பிறகு நிறைய அமெரிக்கர்கள் விமானத்தை விட்டுக் காரில் போகத் தொடங்கினார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் மட்டும் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்தில் இறந்திருப்பார்கள் என்று உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். ஒரு செய்தியைக் கேட்டதும் வழக்கத்தை மாற்றத் தோன்றினால், புது வழி பழைய வழியைவிட உண்மையிலேயே பத்திரமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள்தான் சொல்ல வேண்டியவர் என்றால்

அலுவலக மேலாளர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், பள்ளி ஆசிரியர் என்று நூறு பேர் யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது நீங்களாக இருந்தால், "சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள்" என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பேரழிவுகளைப் பல பத்தாண்டு ஆராய்ந்த சமூகவியலாளர் குவாரன்டெல்லி, கண்மண் தெரியாத பீதி மிக அரிது, பெரும்பாலும் மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கவே செய்கிறார்கள் என்று காட்டினார். சொல்லாமல் விடுவதுதான் கெடுக்கும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் அணு உலை வெடித்தது. பக்கத்தில் இருந்த பிரிப்யாட் நகரத்துப் பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடம் போனார்கள். மறுநாள் பிற்பகல்தான் நகரம் காலி செய்யப்பட்டது. சோவியத் அரசு நாட்டுக்கு அறிவித்தது 28ஆம் தேதி மாலை, அதுவும் ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு தெரிந்துவிட்ட பிறகு.

அரைகுறையாகச் சொன்னாலும் சிக்கல்தான். 1979ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தில், ஐந்து மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறலாம் என்றுதான் மாநில ஆளுநர் சொன்னார். அப்படிப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். கிளம்பியவர்கள் சுமார் 1,44,000 பேர். "கர்ப்பிணிக்கு ஆபத்து என்றால் எனக்கு எப்படி ஆபத்தில்லை?" என்று கேட்ட மற்றவர்களுக்குத் தெளிவான பதில் இல்லை. ஒரு பிரிவினருக்கு அறிவுரை சொன்னால், மற்றவர்கள் என்ன செய்வது, ஏன் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

எழுதும்போது மூன்றே விஷயம் போதும்: தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வேன் என்பது. "இரண்டாம் மாடியில் தீ, அணைத்தாகிவிட்டது. யாருக்கும் காயம் உண்டா என்று இன்னும் உறுதியாகவில்லை. 4.30க்கு மறுபடி எழுதுகிறேன், மூன்று முதல் ஆறு மாடி வரை இருப்பவர்கள் கீழேயே இருங்கள்." இதில் வருத்தம், நன்றி, மேலிடத்து உத்தரவு எதுவும் வேண்டாம். அவை நாளைக்கு.

திருத்தத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஹவாய் மக்களின் கைபேசிகளுக்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை இல்லை என்று எச்சரிக்கை போனது. அது தவறு என்று சில நிமிடங்களிலேயே அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே கைபேசிகளுக்கு "தவறான எச்சரிக்கை" என்ற செய்தி போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. அப்படியொரு செய்தியை அனுப்ப அவர்களிடம் எதுவும் தயாராக இல்லை. அந்த 38 நிமிடத்தில் பெற்றோர் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள்.

உங்கள் வீட்டுக் குழுவுக்கும் இது பொருந்தும். நீங்கள் அனுப்பிய ஒன்று தப்பு என்று தெரிந்தால், பழையதை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். முதல் வரியில் சரியான தகவலை எழுதுங்கள், பொய்யை மறுபடி முழுசாக எழுத வேண்டாம். "குடிநீர் பாதுகாப்பாக இருக்கிறது, குடிநீர்த் துறையிடம் இன்று மாலை 5 மணிக்குக் கேட்டேன். மதியம் நான் அனுப்பியது சரியில்லை. நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்." போன் பார்க்காத தாத்தா பாட்டிக்கு மட்டும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.